பொருள் தேடும் விளையாட்டுகளில் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கேள்வி: வேலை விட்டு வந்து ஒரு மணித்தியாலம் விளையாட, துப்பாக்கிச் சண்டை இல்லாத கேம் தேடுகிறேன். போனில் ஒரு பொருள் தேடும் கேமை இறக்கினேன். கொஞ்ச நேரத்திலேயே காசு கேட்கத் தொடங்கிவிட்டது. இந்த வகையே இப்படித்தானா? அம்மாவோடு சேர்ந்து விளையாடக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பதில்:

நீங்கள் இறக்கிய கேம்தான் அப்படி. இந்த வகை அப்படியில்லை.

எந்தக் கேமை எடுக்குமுன்னும் ஒன்றை மட்டும் பாருங்கள்: அதற்கு முடிவு இருக்கிறதா? கதை தொடங்கி, குற்றவாளி அகப்பட்டு, செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடி முடிகிறதா, இல்லை வாராவாரம் புது அத்தியாயம் ஒட்டிக்கொண்டே போகிறதா? முடிவுள்ளது ஒரு தடவை காசு வாங்கும், அதோடு சரி. முடிவில்லாததை இலவசமாகத் தருவார்கள், பிறகு உங்கள் பொறுமையை விலை பேசுவார்கள். நான் பல வருடமாக இந்தக் கேம்களை விளையாடுகிறேன். கிராபிக்ஸ், கதை, புதிர் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது இதைத்தான்.

தெரியாதவர்களுக்காக: திரையில் ஓர் அறை. கொழும்பு புறக்கோட்டைக் குறுக்குத் தெருக் கடையின் உள்ளறை மாதிரி சாமான் குவிந்து கிடக்கும். கீழே ஒரு பட்டியல்: கத்தரிக்கோல், பட்டாம்பூச்சி, சதுரங்கக் குதிரை, புல்லாங்குழல். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துக் கிளிக் செய்ய வேண்டும். இதோடு கதையும் பூட்டிய கதவுகளும் சேர்ந்தால் அது புதிர்ச் சாகசக் கேம். கண்டெடுத்த சாமானில் ஒன்று உங்கள் பைக்குள் போகும், அதை வைத்து அடுத்த கதவைத் திறப்பீர்கள்.

இந்த வகையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம். 2005 இல் அவர்களுடைய ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ வந்தது. அதில் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும், கண்டபடி கிளிக் செய்தால் நேரம் வெட்டுவார்கள். அடுத்த வருடமே வந்த ‘ரேவன்ஹர்ஸ்ட்’தான் பலரைப் பிடித்து இழுத்தது. ஒரு பழைய மாளிகை, எம்மா என்ற பெண்ணின் நாட்குறிப்பு, அதைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் வேலை. ஏன் தேடுகிறோம் என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. 2008 இல் வந்த இரண்டாம் பாகத்தில் மாளிகைக்குள் அறை அறையாக நடந்து போகவும், எடுத்த சாமானைப் பாவிக்கவும் விட்டார்கள். இன்று இந்த வகையில் வரும் கேம்களில் பெரும்பாலானவை அந்த அச்சில் வார்த்தவைதான்.

அப்போது விற்ற முறையும் நேர்மையானது. முதல் ஒரு மணித்தியாலம் இலவசம். பிடித்தால் முழுவிலை கொடுத்து வாங்குங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஆளை மடக்க வேண்டும் என்பதால் தொடக்கக் காட்சிகளை நன்றாகச் செதுக்கினார்கள். (மூன்றாம் அத்தியாயத்தோடு கை சோர்ந்துவிட்டது தெரிகிற கேம்களும் உண்டு. அதற்கும் அதே காரணம்தான்.)

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2014 இல் பிக் ஃபிஷை வாங்கியது சர்ச்சில் டவுன்ஸ். அமெரிக்காவில் கென்டக்கி டேர்பி ஓடும் குதிரைப் பந்தயத் திடலுக்குச் சொந்தக்காரர்கள். பேசிய விலை 88.5 கோடி டொலர் வரை. 2018 இல் அது கைமாறி, அவுஸ்திரேலியாவின் அரிஸ்டோகிராட்டிடம் போனது. கசினோக்களில் இருக்கும் சூதாட்ட இயந்திரங்களைச் செய்கிற கம்பனி அது. போனில் ஆடும் பொருள் தேடும் கேமான ‘ஜூன்ஸ் ஜேர்னி’யைச் செய்த பெர்லின் நிறுவனம் வூகாவையும் அதே 2018 இல் பிளேட்டிக்கா வாங்கியது, பிளேட்டிக்கா பெயர் எடுத்ததும் போனில் ஆடும் கசினோ கேம்களால்தான். பூட்டிய மாளிகைக்குள் எம்மாவின் நாட்குறிப்பைத் தேடிய வகை கடைசியில் யார் கையில் போய்ச் சேர்ந்தது பாருங்கள். உங்கள் போனில் காசு கேட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

‘ஜூன்ஸ் ஜேர்னி’ மோசமான கேம் என்று சொல்ல வரவில்லை. 1920களின் உடுப்பு, கார், கப்பல் என்று படங்களை அழகாகத்தான் வரைந்திருக்கிறார்கள். சகோதரியின் சாவுக்குக் காரணம் தேடும் பெண்ணின் கதையும் பரவாயில்லை. ஆனால் ஒரு காட்சியை விளையாட ‘எனர்ஜி’ வேண்டும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது வாங்க வேண்டும். நட்சத்திரம் சேர்க்க அதே காட்சிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அடுத்த காட்சி திறக்க ஒரு தீவை அலங்கரித்துப் பூ சேர்க்க வேண்டும். எனக்குப் பிடிக்காதது காசு மட்டுமில்லை. ஒரே அறைக்கு மறுபடி மறுபடி போகும்போது சீப்பு எங்கே, விசிறி எங்கே என்று விரலுக்கு மனப்பாடமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் தேடுவதேயில்லை, தட்டச்சு செய்கிறீர்கள். தேடல்தானே இந்தக் கேமின் உயிர்! அதை எடுத்துவிட்டு வேகத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இது ஒருவர் விளையாடும் கேம் என்றுதான் பெட்டியில் போடுவார்கள். என் அனுபவத்தில் இரண்டு பேர் இருந்தால்தான் ருசி. எங்கள் வெள்ளவத்தை வீட்டில் மவுஸ் என் கையில் இருக்கும், அம்மா பக்கத்துக் கதிரையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருப்பார். ஆங்கிலப் பட்டியலை நான் வாசித்துச் சொல்ல, அவர் கண்டுபிடிப்பார். “அந்தா, அலுமாரிக்கு மேல கிடக்கு பிள்ளை, உனக்குக் கண் தெரியேல்லையோ?” அவருடைய விரல் அடையாளம் திரை முழுக்க இருக்கும். இன்னொன்றும் கேட்பார்: “இந்த வீட்டுக்காரர் ஒரு சாமானையாவது வச்ச இடத்தில வைக்க மாட்டினமோ?”

அவர் என்னைவிட வேகமாகக் கண்டுபிடிப்பதற்குக் காரணம், பெயரைத் தேடாமல் வடிவத்தைத் தேடுவது. காட்சி வரைபவர்களின் தந்திரங்கள் சிலதான். நீளமான சாமானை நீளமான ஒன்றோடு ஒட்டிவிடுவார்கள்: அடிமட்டம் யன்னல் சட்டத்தில் கிடக்கும், புல்லாங்குழல் கதிரைக்காலோடு நிற்கும், அம்பு திரைச்சீலைக் கம்பியோடு படுத்திருக்கும். மிருகங்கள் மரச்செதுக்கலாகவோ சுவர்த்தாளின் கோலமாகவோ மாறிவிடும். எண்களைச் சுவர் வெடிப்பில் பாருங்கள். அளவை நம்பாதீர்கள், யானை ஒரு தேக்கரண்டி உயரத்தில் நிற்கும். நிறத்தையும் நம்பாதீர்கள். பச்சை மிளகாய் இலைக்குள்ளேயே இருக்கும். பட்டியலில் இரண்டு மூன்று பெயரை மனதில் வைத்துக்கொண்டு முதலில் ஓரங்களைச் சுற்றி வாருங்கள், பிறகு நடுவுக்குப் போங்கள். நல்ல கேமில் சாமானைக் கண்டதும் “அட, இவ்வளவு நேரமும் கண்ணுக்கு முன்னால இருந்ததே” என்று வரும். மட்டமான கேமில் “இதைப் போய் யார் கத்தி என்று சொல்லுவான்” என்று வரும். இருட்டுக்குள் இருட்டு நிறச் சாமானை ஒளிக்கிறவனுக்கு மன்னிப்பே கிடையாது.

இந்தக் கேம்களின் உலக நியாயம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கயிறை வெட்டியதும் கத்தி உடைந்துவிடும், அடுத்த கயிறுக்கு வேறு கத்தி தேட வேண்டும். கண்ணாடியை உடைக்க முற்றம் நிறையக் கல் கிடந்தாலும், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குள் இருக்கும் சுத்தியலை எடுத்து வந்தால்தான் உடையும். அலுமாரி ஒன்றைத் திறக்கச் சூரியன் வடிவப் பதக்கம், சந்திரன் வடிவப் பதக்கம் இரண்டும் வேண்டும். அந்த வீட்டார் அன்றாடம் உடுப்பு எடுத்தது எப்படியோ தெரியாது. இதைச் சொல்லிச் சிரிப்பதும் விளையாட்டின் பாதி.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு முடிவுள்ள கேம்களை நான் சிபாரிசு செய்ய இன்னொரு காரணம், முழுதாக இறக்கி வைத்துவிட்டால் இணையம் தேவையில்லை என்பது. 2022 இல் மின்வெட்டு மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதே, நினைவிருக்கும். ரவுட்டர் செத்துவிடும், போனின் சிக்னலும் போய்ப் போய் வரும். எனர்ஜி கேம்கள் திறக்கவே மறுக்கும். லப்டொப்பில் இருக்கும் பழைய கேம், பற்றரி இருக்கும்வரை ஓடும். இவை பெரிய கிராபிக்ஸ் கார்ட் கேட்காதவை, அதனால் அலுவலக லப்டொப்பும் போதும். (அலுவலகத்தில் கேட்டால் நான் சொல்லவில்லை.)

விலை டொலரில் என்பதுதான் நமக்குப் பிரச்சினை. அதே 2022 இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தொட்டபோது, 10 டொலர்க் கேம் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து அறுநூறாகியது. கணினிக் கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் தள்ளுபடிக் காலம் வரும்வரை விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். போலந்தின் ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனத்துக் கேம்களுக்கு அடிக்கடி பெரிய தள்ளுபடி விழும். அவற்றில் ‘எனிக்மாட்டிஸ்’ மூன்று பாகமும் நல்ல தொடக்கம். துப்பறியும் பெண் ஒருத்தி காணாமல்போன ஆட்களைத் தேடுகிறாள், கிடைத்த சான்றுகளைச் சுவரில் ஒட்டிச் சேர்த்துப் பார்க்கிறாள். கொஞ்சம் பேய் வரும், பயப்படுமளவுக்கு இல்லை.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் ‘த ரூம்’. இங்கிலாந்தின் ஃபயர்ப்ரூஃப் கேம்ஸ் 2012 இல் ஐபேடுக்குச் செய்தது, இப்போது ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இருக்கிறது. இதில் பட்டியல் கிடையாது, குப்பைக் குவியல் கிடையாது. இருட்டறையில் ஒரு பெட்டகம், அதோடு ஒரு கடிதம். அவ்வளவுதான். பெட்டகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பித்தளைத் தகடு நகரும், அதற்குள் சாவித்துவாரம். சாவியைப் போட்டு விரலால் சுற்றினால் உள்ளே பற்சில்லுகள் உருளும் சத்தம் கேட்கும், ஒரு பக்கம் பிளந்து இன்னொரு பெட்டி வெளியே வரும். இடையில் ஒரு கண்ணாடிவில்லை கிடைக்கும். அதனூடாகப் பார்த்தால் வெறும் மரத்தில் இல்லாத எழுத்துகள் தெரியும். மரம், பித்தளை, வெல்வெட் எல்லாம் தொட்டால் உணரலாம் போல இருக்கும். இதை மட்டும் மவுஸில் விளையாடாதீர்கள், டப்லெட்டில் விரலால் விளையாடுங்கள். பிடித்தால் 2018 இல் வந்த ‘ஓல்ட் சின்ஸ்’ வரை போங்கள். அதில் பெட்டிக்குப் பதில் ஒரு பொம்மை வீடு, அதன் ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழையலாம்.

வாசிக்க எதுவுமே இல்லாதது அம்மாவுக்கு வேண்டும் என்றால் ‘மஷினேரியம்’. செக் நாட்டு அமானிட்டா டிசைன் 2009 இல் செய்தது. துருப்பிடித்த நகரத்தில் ஒரு சின்ன ரோபோ. பேச்சே கிடையாது, தலைக்கு மேல் குமிழியில் படமாக நினைக்கும். ‘ஹிடன் ஃபோக்ஸ்’ இன்னும் எளிது: கறுப்பு வெள்ளையில் கையால் வரைந்த பெரிய படங்கள், கூடாரத்தைத் தட்டினால் திறக்கும், புதரைத் தட்டினால் யாரோ எட்டிப் பார்ப்பார். அதில் எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே எழுப்பியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

‘ரஸ்டி லேக்’ தொடரையும் யாராவது சொல்லுவார்கள். நெதர்லாந்துக்காரர்கள் செய்தது. ‘கியூப் எஸ்கேப்’ என்று வரும் சின்னக் கேம்களில் பலவும் இலவசம், எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் அம்மாவோடு வேண்டாம். ‘ரஸ்டி லேக் ஹோட்டலில்’ விருந்தாளிகளாக மிருகங்கள் வந்து தங்கும், ஒவ்வோர் இரவும் விருந்துக்கு இறைச்சி தேட வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடியும்தானே.

சாமான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஹின்ட் பொத்தானை அமுக்கக் கூச்சப்பட வேண்டாம். பொருள் தேடுவதில் அகப்படாத கடைசிச் சாமானுக்காக முழு இரவும் இருப்பதில் ஒரு வீரமும் இல்லை. ஹின்ட் பொத்தான் தானாக நிரம்பத்தான் வைத்திருக்கிறார்கள். புதிர்களில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். யூடியூபில் விடை பார்த்தால் அந்த ஒரு புதிரோடு நிற்க மாட்டீர்கள், அடுத்ததையும் பார்ப்பீர்கள். அப்புறம் கேம் முடிந்திருக்கும், நீங்கள் விளையாடியிருக்க மாட்டீர்கள். ‘மஷினேரியம்’ செய்தவர்களுக்கு இது தெரியும். அதற்குள்ளேயே விடைப்புத்தகம் ஒன்று இருக்கிறது, பூட்டுப் போட்டு. திறக்க வேண்டுமென்றால் சாவி ஒன்றைப் பறக்கவிட்டு, வழியில் வரும் சிலந்திகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டு கடைசிவரை போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு தடவையும்.