தண்ணீர் சாணைக்கல்லை வட்டத்துக்குக் கொண்டுவருவது: கேள்வி பதில்

தண்ணீர்த் தொட்டியோடு மெதுவாகச் சுற்றும் சாணை மெஷினைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை கல் வட்டம் கெட்டுக் கோணலாவதைப் பற்றித்தான். அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, உளியை வைத்தால் கல் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கல்லில் கோளாறா, என் கையிலா?

கையைச் சந்தேகப்படும் முன் கல்லைப் பாருங்கள். மெஷின் ஓடும்போது, உளியைத் தாங்கும் தாங்கு கம்பியைக் கல்லில் படாமல் மயிரிழை தூரம்வரை இறக்குங்கள். டார்மெக் T-8 போன்ற மெஷின்களில் கல் நிமிடத்துக்கு 90 சுற்றுதான், அதனால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால் வட்டம் போயிருக்கிறது. அடுத்து மெஷினை நிறுத்திவிட்டு, உளி உரசும் பரப்பான கல்லின் முகத்தில் குறுக்காக இரும்பு ஸ்கேலை வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம் விழுந்திருக்கிறது. குறுகிய உளியை நடுவிலேயே வைத்துத் தேய்ப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். உளியை அகலம் முழுக்க நகர்த்தித் தேய்த்தால் தள்ளிப்போகும்.

சார், தாங்கு கம்பியில் மாட்டிக் கல்லைச் சீவும் வைர முனை வாங்கிவிட்டேன். எவ்வளவு ஆழம் எடுக்கலாம்? எந்த வேகத்தில் நகர்த்த வேண்டும்?

முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும். உலர்ந்த கல்லைச் சீவினால் தூள் மூச்சுக்குள் போகும்.

கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். முனையை ஓரத்திலிருந்து ஓரம்வரை கொண்டுபோய், எங்கே முதலில் உரசுகிறது என்று பாருங்கள். அதுதான் மேடு. அந்த மேட்டைக் கணக்காக வைத்துத்தான் ஆழத்தைக் கூட்ட வேண்டும். பள்ளமான இடத்தில் முனையைப் பொருத்திவிட்டு நகர்த்தினால் மேட்டில் போய் மாட்டிக்கொள்ளும், வைரத்துக்கும் ஆபத்து.

ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நான் அதிலும் பாதிதான் எடுப்பேன். முனையை நகர்த்தும் ஸ்க்ரூவை நிறுத்தாமல், ஒரே சீராகச் சுற்றுங்கள். 50 மில்லிமீட்டர் அகலத்தைக் கடக்க ஒன்றரை நிமிடம் ஆனாலும் நல்லதுதான். அவசரமாக நகர்த்தினால் கல்லில் திருகுபுரி மாதிரி வரி விழும், அந்த வரி அப்படியே கத்தியின் முகத்தில் ஏறும். பென்சில் கோடு முழுக்க மறைந்ததும், கடைசியாக மிக மெல்லிய ஒரு சீவல், இன்னும் நிதானமாக. விளிம்பு கூராக நின்றால் பின்னால் உதிரும், லேசாக மழுக்கிவிடுங்கள்.

முடிந்தபின் கல் சொரசொரப்பாக இருக்கும். கல்லின் சொரசொரப்பைக் கூட்டிக் குறைக்கும், தரம் மாற்றும் கட்டையின் நைஸ் பக்கத்தை அழுத்திப் பிடித்து, அகலம் முழுக்க நகர்த்தினால் மேற்பரப்பு 1000 கிரிட் போல வேலை செய்யும். ரஃப் பக்கத்தைப் பிடித்தால் மீண்டும் 220.

அந்தக் கட்டையை வைத்தே கோணலையும் எடுத்துவிட முடியாதா? வைர முனை எதற்கு?

முடியாது. கையில் பிடிக்கும் எதுவும் கல்லின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மேட்டை மட்டும் வெட்ட, அசையாத ஒரு பிடிமானம் வேண்டும். வைர முனை தாங்கு கம்பியில் ஓடுகிறது. உளியைப் பிடிக்கும் ஜிக்கும் அதே கம்பியில் ஓடுகிறது. அதனால்தான் கல்லின் முகமும் உளியின் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக அமைகின்றன. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிக் கேள்விகள் தானே தீரும்.

வட்டம் சரி செய்தும் உளியின் முனை ஒரு பக்கம் சாய்ந்தே வருகிறது.

கம்பியை எந்தப் பக்கத்துத் துளையில் வைத்துக் கல்லைச் சீவினீர்கள்? பல மெஷின்களில் மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு இடம் உண்டு. ஒன்றில் வைத்துச் சீவி, மற்றதில் வைத்துத் தீட்டினால் இணை தப்பலாம். எந்த இடத்தில் தீட்டுகிறீர்களோ அதே இடத்தில் வைத்துச் சீவுங்கள். அதன் பிறகும் சாய்ந்தால், உளி ஜிக்கில் நேராக உட்காரவில்லை என்று பொருள்.

கல் பக்கவாட்டில் ஆடுகிறது ஐயா.

முகம் வட்டமாக இருந்தால் தீட்டுவதற்குப் பெரிய பாதிப்பில்லை. ஆனாலும் கழற்றி, வாஷருக்கும் கல்லுக்கும் நடுவே சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள். மாட்டும்போது பழைய பக்கமே வெளியே வர ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

நாள் கணக்கு இதற்கு உதவாது, அறிகுறிதான் கணக்கு. கொஞ்சம் கோணும்போதே கொஞ்சம் சீவுகிறவரின் கல்தான் நெடுநாள் வரும். பெரிய மேடாகும்வரை விட்டால், ஓடும் கல்லில் பள்ளம் இன்னும் ஆழமாகி, ஒரேயடியாக நிறைய இழக்க வேண்டியிருக்கும். கல் விலை அதிகம் என்று சீவத் தயங்குகிறவர்கள்தான் கடைசியில் கல்லை அதிகம் வீணாக்குகிறார்கள்.

வேலை முடிந்ததும் தொட்டியை இறக்கிவிடுங்கள். கல் தண்ணீரில் நின்றபடியே ஊறினால் ஒரு பக்கம் மட்டும் கனக்கும்.

என்னிடம் இருப்பது வைரத் தூள் பூசிய சக்கரம். அதையும் சீவலாமா?

கூடவே கூடாது. உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய பூச்சுதான் அது. சீவினால் பூச்சே போய்விடும்.

சீவியபின் கோணம் மாறுமா?

மாறும். விட்டம் குறைந்தால் அதே கம்பி உயரத்தில் வேறு கோணம் வரும். புது விட்டத்தை அளந்து, கோண அளவியில் அதை வைத்து, கம்பியை மறுபடி அமையுங்கள். 250 மில்லிமீட்டர் கல் 180 அளவுக்குத் தேய்ந்தபின் புதுக் கல் மாட்டிவிடுங்கள்.