மேட்டில் மட்டும் திணறும் டர்போ

கேள்வி: என்னுடையது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 1.8 டர்போ பெட்ரோல். நிற்கும்போது பட்டு மாதிரி ஓடுகிறது. சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலையில் மூன்றாவது கியரில் மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கிறது. செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. ஸ்கேனரில் பி0302 என்ற பழுதுக் குறியீடு வந்தது. டர்போ போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். டர்போ போனால் இழுவை குறையும், விசில் சத்தம் மாறும், சில சமயம் நீலப்புகை வரும். ஆனால் நான்கு சிலிண்டருக்கும் காற்று கொடுப்பது ஒரே டர்போ. அது கெட்டு, ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆவது, அதாவது பெட்ரோல் பற்றாமல் தவறுவது, நடக்காத காரியம். பி0302-ல் கடைசியில் இருக்கும் 2 தான் உங்களுக்குக் கிடைத்த துப்பு: மிஸ் ஆவது இரண்டாம் சிலிண்டர். டைமிங் பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணுங்கள்.

சரி, கீழே ஒழுங்காக ஓடுவது மலையில் ஏன் திணற வேண்டும்? டர்போ அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகிறது. காற்று நெருங்க நெருங்க, பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக்குக்கு அந்த வோல்டேஜைக் கொடுப்பது அதன் மேல் மாட்டியிருக்கும் இக்னிஷன் காயில். தளர்ந்துபோன காயில், ஐடிலிங்குக்கு (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுவதற்கு) வேண்டிய வோல்டேஜைக் கொடுத்துவிடும். மேட்டில் கேட்பதைக் கொடுக்காது. பொறி பிளக் முனையில் தாவாமல், காயிலின் ரப்பர் வழியாகவோ பிளக்கின் பீங்கான் மேலாகவோ எளிதான வழி பார்த்து ஓடிவிடும். இந்த 1.8 டர்போ குடும்பத்து எஞ்சின்களுக்குக் காயில் ஒரு பழைய தலைவலி. 2003-ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே லட்சக்கணக்கான வண்டிகளுக்குக் காயில் மாற்றித் தர முன்வந்தது. அதனால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். ஆனாலும் சந்தேகத்தை நம்பி நான்கு காயில் வாங்கிவிடாதீர்கள். காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது.

எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். இரண்டாம் காயிலையும் மூன்றாம் காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பிளக்கைத் தொடவேண்டாம், காயில் மட்டும். ஸ்கேனரில் பழைய குறியீட்டை அழித்துவிட்டு, ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லி, ஆள் நடமாட்டமில்லாத ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 2000 ஆர்.பி.எம்.மிலிருந்து ஒருமுறை முழுதாக மிதியுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில், அதோடு முடிந்தது. பி0302-லேயே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து இதேபோல் பிளக்கை மாற்றுங்கள், அதற்கும் அசையாவிட்டால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். பிளக், காயில், ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிய வண்டிகள் என் கோவைப் பட்டறைக்கு வருவதுண்டு. எதனால் கொஞ்சம் சரியானது, எதனால் ஆகவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

பிளக்கைக் கழற்றினால் முனையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். வெள்ளைப் பீங்கானைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீழே இரும்பை ஒட்டி வட்டமாகப் பழுப்புக் கறை இருந்தால் அது சாதாரணம்; பலர் அதைக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) கசிவு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அதுதான் விஷயம். பொறி அந்த வழியாகத்தான் ஓடியிருக்கிறது. அந்தப் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். காயிலின் ரப்பருக்குள்ளும் அதே தடம் இருக்கும், பாருங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதன் ரப்பரும் ஊறிப்போகும். புதுப் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கட்டும். அலுமினிய ஹெட் என்பதால் ஆறிய எஞ்சினில், 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் முடுக்கவும்.

மூன்றையும் மாற்றிப் பார்த்தும் இரண்டிலேயே நிற்கிறதா? அப்புறம் கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 3 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் வித்தியாசம் இருந்தால்தான் எஞ்சினைப் பிரிப்பது பற்றிப் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விளக்கு மினுக்கும்போது காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, உள்ளே இருப்பதை உருக்கிவிடும். சரியாகும் வரை மலைப்பக்கம் போகவேண்டாம்.

கேள்வி: எங்கள் பழைய டர்போ காரில் பி0300, பி0171 இரண்டும் வருகின்றன. ஐடிலிங்கில் நடுக்கம், ஓடும்போது பரவாயில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பதுதான் காரணமா?
- வாசகி, மதுரை

பதில்: எத்தனால் மட்டும் காரணமில்லை அம்மா. பி0300 என்றால் சிலிண்டர்கள் மாறி மாறி மிஸ் ஆகின்றன; பி0171 என்றால் உள்ளே போகும் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், 20 சதவீத எத்தனால் கலவைக்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் நல்லபடியாக இருந்தால் கணினி அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஆனால் ஏற்கெனவே எங்கோ காற்று புகுந்துகொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து எல்லை தாண்டிவிடும்.

ஐடிலிங்கில் மட்டும் நடுக்கம் என்பதால் வேக்குவம் ஓஸ்களில் (ரப்பர் குழாய்களில்) வெடிப்பைத் தேடுங்கள், குறிப்பாக சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் பிரீதர் ஓஸ். இருபது வருட வெப்பத்தில் அது பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால், ஏர் ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயை அடைத்து, கம்ப்ரஸர் காற்றை அரை பாருக்குள் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். வெடிப்பிருக்கும் இடத்தில் நுரை பொங்கும்.

கேள்வி: பழைய ஸ்கார்பியோ சி.ஆர்.டி.இ. மூன்று சிலிண்டரில் ஓடுவதுபோல் இருக்கிறது. இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கலாமா?
- வாசகர், தர்மபுரி

பதில்: கூடவே கூடாது. பழைய பம்ப் வண்டிகளில் அப்படிப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் செய்கிறார்கள். உங்கள் சி.ஆர்.டி.இ. காமன் ரெயில் வகை: எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய். அதில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். பீய்ச்சியடித்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம் மாதிரிதான் தெரியும், கையையே எடுக்க வேண்டி வரலாம். யாருக்காவது அப்படி நடந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் என்று சொல்லுங்கள். சோதிக்க, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சின்ன பாட்டில் மாட்டி ஓடவிட்டால் போதும். மற்றவற்றைவிட எது வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டரைக் கழற்றி டீசல் பம்ப் லேபில் கொடுங்கள்.