டெட்ராய்ட்ல வேலை, வின்ட்சர்ல வீடு, சிட்டிசன்ஷிப்புக்கு வெயிட்டிங்: அந்தப் பக்கம் ரூம் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். சொந்த ஊர் கோயம்புத்தூர். டெட்ராய்ட் டவுன்டவுன்ல எச்-1பி வேலை விசாவுல ஏழு வருஷம் இன்ஜினியரா இருந்தேன், ஐ-140 (க்ரீன் கார்டுக்காக கம்பெனி போடற மனு) அப்ரூவ் ஆகியும் க்ரீன் கார்டு வர்ற வழியக் காணோம், அதனால கனடா பிஆர் (நிரந்தரமாத் தங்கற உரிமை) எடுத்து ரெண்டு வருஷம் முன்னாடி குடும்பத்தோட வின்ட்சருக்கு மாறிட்டோம். வேலை அதே வேலைதான், தினமும் டனல் தாண்டிப் போயிட்டு வரேன். சம்பளம் வருஷத்துக்கு 1,12,000 அமெரிக்க டாலர். பார்டர் லைன்ல நின்னு நின்னு உடம்பு தாங்கல. அங்க நண்பர்களோட ரூம் ஷேர் பண்ணி திங்கள் காலையில போய் வெள்ளி சாயந்தரம் திரும்பலாம்னு பாக்கறேன், டோலும் பெட்ரோலும் மிச்சமாகறதுல வாடகை சரியாப் போயிடும். இதனால சிட்டிசன்ஷிப் லேட் ஆகுமா? பணத்தை 401கேல (அமெரிக்க கம்பெனி வழியா ஓய்வுக்காலச் சேமிப்பு) போடறதா, ஆர்ஆர்எஸ்பில (கனடாவோட ஓய்வுக்காலச் சேமிப்பு) போடறதா? மனைவி இங்க கிளினிக்ல வேலை பாக்கறாங்க, பையனுக்கு ஆறு வயசு.

பதில்: வணக்கம். ரூம் எடுக்காதீங்க. வாடகை சரியாப் போயிடும்னு நீங்க போட்ட கணக்கு தப்பில்ல, ஆனா அதுல ராத்திரி எங்க தூங்கறீங்கங்கறதுக்கான விலை வரவே இல்ல. உங்க விஷயத்துல சிட்டிசன்ஷிப், ரெண்டு நாட்டு டேக்ஸ், சேமிப்புன்னு எல்லாமே அந்த ஒண்ணுலதான் போய் நிக்குது.

முதல்ல நாள் கணக்கைப் பாப்போம். அப்ளை பண்ற தேதிக்கு முந்தின 5 வருஷத்துல 1,095 நாள் கனடாவுல இருந்திருக்கணும். இதுல உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கு, கனடாவை விட்டுக் கிளம்பற நாளும் உள்ள திரும்பி வர்ற நாளும் ரெண்டுமே கனடாவுல இருந்த நாளாத்தான் எண்ணுவாங்க. அப்போ காலையில போய் சாயந்தரம் வீட்டுக்கு வர்ற உங்களுக்கு ஒரு வேலை நாள் கூட குறையல, இந்த ரெண்டு வருஷமும் ஊருக்குப் போன லீவு நாட்களைத் தவிர முழுசா உங்க கணக்குல இருக்கு. இதே மாதிரி போனா பிஆர் வாங்கி மூணு வருஷம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல நீங்க அப்ளை பண்ணிடலாம்.

ரூம் எடுத்தா என்ன ஆகும்னு பாருங்க. திங்களும் வெள்ளியும் கணக்குல வரும், செவ்வாய் புதன் வியாழன் மூணும் போச்சு. வருஷத்துக்கு 48 வாரம் வேலைன்னா 144 நாள், அதுபோக நாலு வாரம் கோயம்புத்தூர் போனா இன்னொரு 26 நாள், மொத்தம் 170. மிஞ்சறது 195 நாள். அதை அஞ்சு வருஷத்துக்குப் பெருக்கினா 975 தான் வருது. அதாவது அஞ்சு வருஷமும் இப்படியே ஓடினா 1,095ஐ தொடவே முடியாது. உங்ககிட்ட ஏற்கெனவே ரெண்டு வருஷ நாட்கள் இருக்கறதால தொட்டுடுவீங்க, ஆனா கிட்டத்தட்ட ஒரு வருஷம் லேட் ஆகும். இதுல மாட்டிக்கறவங்க அதிகம், ஏன்னா பிஆர் கார்டைத் தக்க வைக்க 5 வருஷத்துல 730 நாள் போதும், அது தாராளமா வந்துடும், கார்டும் ரினியூ ஆயிடும், அதனால எல்லாம் சரியாப் போகுதுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க. ரெண்டும் வேற வேற கணக்கு. பார்டர்ல யாருக்குத் தெரியப் போகுதுன்னும் நினைக்காதீங்க, உங்கள மாதிரி பிஆர்ல இருக்கறவங்க தரைவழியா பார்டர் தாண்டற விவரத்தை ரெண்டு நாடும் 2013ல இருந்தே பரிமாறிக்கறாங்க.

இப்போ ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை பக்கம். கனடாவுல வீடு வெச்சு தினமும் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு சலுகை இருக்கு, அந்த வேலை நாட்களை ரெசிடென்ஸி டெஸ்ட்ல (வரிக்கு நீங்க அமெரிக்க ரெசிடென்ட்டான்னு பாக்கற நாள் கணக்கு) ஐஆர்எஸ் எண்ணாது. கண்டிஷன் என்னன்னா, மொத்த வேலை நாட்கள்ல 75 சதவீதத்துக்கு மேல நீங்க அப்படிப் போய் வந்திருக்கணும், போய் வர்றதுன்னா 24 மணி நேரத்துக்குள்ள வீடு திரும்பறது. இப்போதைக்கு நீங்க இதுக்குள்ள வரீங்க, அதனால அமெரிக்காவுக்கு நீங்க நான்-ரெசிடென்ட், நான்-ரெசிடென்ட்டுக்கான 1040-என்ஆர் வரி ஃபார்ம் ஃபைல் பண்ணா போதும். ரூம் எடுத்தீங்கன்னா அந்தச் சலுகை மொத்தமாப் போயிடும், வருஷத்துக்கு 240 நாள் அமெரிக்காவுல இருந்ததாக் கணக்கு வரும், 183 நாள் தாண்டினாலே ரெசிடென்ட். அதுக்கப்புறம் கனடாவுல நீங்க டிஎஃப்எஸ்ஏ (வரியில்லாச் சேமிப்பு அக்கவுண்ட்) வெச்சிருந்தா அதுக்கு அமெரிக்கா வரி கேக்கும், ஊர்ல மியூச்சுவல் ஃபண்ட் இருந்தா அதுக்கு தனியா ஃபார்ம் 8621, பேங்க் அக்கவுண்ட் எல்லாத்தையும் ரிப்போர்ட் பண்ணணும். குடும்பம் வின்ட்சர்ல இருக்கறதால ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தமான ட்ரீட்டியைக் காட்டி நான் கனடா ரெசிடென்ட்தான்னு சொல்லலாம், அதுக்கு ஃபார்ம் 8833 இருக்கு, ஆனா ஒவ்வொரு வருஷமும் கிராஸ்-பார்டர் தெரிஞ்ச அக்கவுண்டன்ட்டுக்கு காசு கொடுத்து அதைச் செய்யணும்.

உங்க அலுப்பு எனக்குப் புரியுது, பனிக்காலத்துல ஆபீஸ் முடிஞ்சு அந்த லைன்ல நிக்கறது லேசுப்பட்ட விஷயமில்ல. அதனால ஒரு வழி சொல்றேன். வியாழன் போய் அங்க ஒரே ஒரு ராத்திரி தங்கி வெள்ளி சாயந்தரம் வந்தா, கிளம்பின நாளும் வந்த நாளும் எண்ணப்படும்ங்கறதால சிட்டிசன்ஷிப் கணக்குல ஒரு நாள் கூட குறையாது. ஐஆர்எஸ் கணக்குலதான் அந்த ரெண்டு வேலை நாள் போகும். குளிர் மாசங்கள்ல வாரத்துக்கு ஒரு ராத்திரி வீதம் 20 வாரம் தங்கினாலும் 240ல 40 நாள்தான் போகுது, மிச்சம் 200 நாள், 83 சதவீதம், பத்திரமா இருக்கீங்க. ரூமுக்கு லீஸ் எல்லாம் வேண்டாம், நண்பர் வீட்டு சோஃபாவோ ஒரு ஓட்டலோ போதும். கம்பெனி வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை பாக்க விட்டா இன்னும் நல்லது, ஆனா அந்த நாட்களோட சம்பளத்தை கனடாவுல சம்பாதிச்சதாத்தான் பாப்பாங்க, அதுக்குத் தனிக் கணக்கு வைங்க. நெக்சஸ் கார்டு (பார்டரை சீக்கிரம் தாண்ட உதவற கார்டு) இல்லன்னா விசாரிங்க, பிஆர் வெச்சிருக்கறவங்களும் அப்ளை பண்ணலாம், 5 வருஷத்துக்கு 120 அமெரிக்க டாலர், அந்த லைன்ல போற நேரத்தோட ஒப்பிட்டா இது பெரிய காசில்ல.

அடுத்து 401கேவா ஆர்ஆர்எஸ்பியாங்கறது. உங்களுக்கு 401கேதான், அதுவும் ராத் ஆப்ஷன் (வரி கட்டின பணத்தைப் போடறது) இல்லாம சாதா 401கே. காரணம் இதுதான். உங்க சம்பளத்துல முதல்ல அமெரிக்கா எடுத்துக்குது, ஃபெடரல் டேக்ஸ், மிச்சிகன் 4.25 சதவீதம், டவுன்டவுன் ஆபீஸ்ங்கறதால டெட்ராய்ட் சிட்டி டேக்ஸ் 1.2 சதவீதம், அப்புறம் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்ந்து 7.65. நான்-ரெசிடென்ட்டுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷனும் கிடையாது. இவ்வளவையும் கட்டிட்டு கனடாவுல அதே சம்பளத்தைக் காட்டி, அங்க கட்டினதுக்கு டி2209 ஃபார்ம்ல ஃபாரின் டேக்ஸ் கிரெடிட் எடுக்கறீங்க. உங்க சம்பள அளவுல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுக்கொண்ணு சரியா வந்துடுது, கனடாவுக்குப் புதுசாக் கட்ட வேண்டியது ரொம்ப இருக்காது. அப்போ ஆர்ஆர்எஸ்பில போட்டு கனடா டேக்ஸைக் குறைச்சு என்ன பிரயோஜனம், குறையறதுக்கு அங்க ஒண்ணும் இல்லையே, அமெரிக்காவுல கட்டினது அப்படியேதான் நிக்கும். 401கேல போட்டா அமெரிக்க வரிக்கணக்குல அந்தத் தொகை கழியும், உங்கள மாதிரி பார்டர் தாண்டி வேலை பாக்கறவங்களுக்காகவே ஆர்சி268ன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அது மூலமா கனடாவுலயும் கழிச்சுக்கலாம். ஆர்ஆர்எஸ்பி ரூம், அதாவது அதுல நீங்க போடக்கூடிய வரம்பு, அந்த அளவுக்குக் குறையும், குறையட்டும். கம்பெனி மேட்ச் (நீங்க போடறதோட கம்பெனி சேர்த்துப் போடற பணம்) எவ்வளவோ அதை ஒரு டாலர் விடாம வாங்குங்க. மிச்சமிருக்கற ஆர்ஆர்எஸ்பி ரூம் எங்கயும் போகாது, நாளைக்கு கனடாவுலயே வேலை கிடைச்சா அப்போ பயன்படும்.

401கேக்கு மேல மிஞ்சற பணத்துக்கு டிஎஃப்எஸ்ஏ, வருஷத்துக்கு 7,000 கனடா டாலர், உங்களுக்கு ரூம் நீங்க கனடா வந்த வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கும், பழைய வருஷங்களைச் சேர்த்து போட்டுடாதீங்க, அதுக்கு மாசத்துக்கு 1 சதவீதம் அபராதம். வீடு வாங்கற எண்ணம் இருந்தா எஃப்எச்எஸ்ஏ (முதல் வீட்டுக்கான சேமிப்பு அக்கவுண்ட்) இன்னிக்கே திறங்க, வருஷத்துக்கு 8,000, மொத்தம் 40,000, டிடக்ஷனை இப்பவே எடுக்கணும்னு கட்டாயமில்ல, பின்னாடி தேவைப்படற வருஷத்துக்கு வெச்சுக்கலாம்.

கனடா பக்கம் கட்ட வேண்டியது ஏதாவது வந்தா உங்க கம்பெனி அதைப் பிடிச்சிருக்காது, ஏப்ரல் 30க்குள்ள மொத்தமா நீங்கதான் கட்டணும், அது 3,000 டாலரைத் தாண்ட ஆரம்பிச்சா அடுத்து இன்ஸ்டால்மென்ட்ல கட்டச் சொல்லி சிஆர்ஏ (கனடா வரித்துறை) லெட்டர் அனுப்பும். ரெண்டு நாட்டுலயும் நேரத்துக்கு ஃபைல் பண்ணுங்க, சிட்டிசன்ஷிப்புக்கே 5 வருஷத்துல 3 வருஷம் டேக்ஸ் ஃபைல் பண்ணியிருக்கணும்னு கண்டிஷன் இருக்கு.

நீங்க கேக்காத ஒண்ணு, வேலை போச்சுன்னா? அமெரிக்க சம்பளத்துல நீங்க கனடா இஐ (வேலையில்லாக் கால இன்சூரன்ஸ்) கட்டறதில்ல, அதனால அதை நம்பி இருக்க முடியாது. அமெரிக்காவுக்கு வெளிய இருக்கறவங்களுக்கு புதுசா எச்-1பி போட 1,00,000 டாலர் கட்டணும்னு 2025 செப்டம்பர்ல அறிவிப்பு வந்துச்சு, கம்பெனி மாறினா அது உங்களைத் தொடுமான்னு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட இப்பவே கேட்டு வைங்க. எட்டு மாச வீட்டுச் செலவு கனடா டாலர்ல தனியா இருக்கட்டும், டிஎஃப்எஸ்ஏல ரிஸ்க் இல்லாத டெபாசிட்டா வெச்சாலும் சரி. இது சேர்ற வரைக்கும் கோயம்புத்தூர்ல இடம் வாங்கற யோசனை இருந்தா தள்ளி வைங்க.

சோஷியல் செக்யூரிட்டியில 40 கிரெடிட் சேர்ந்தா பென்ஷன் உரிமை வந்துடும், வருஷத்துக்கு 4 தான் சேரும், ஒன்பது வருஷத்துல உங்களுக்கு 36 ஆகியிருக்கணும். இன்னும் ஒரு வருஷம். சோஷியல் செக்யூரிட்டி சைட்ல அக்கவுண்ட் திறந்து சரிபாருங்க.

கனடா சிட்டிசன் ஆனா க்ரீன் கார்டு க்யூ மாறிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்தக் க்யூ பிறந்த நாட்டை வெச்சுத்தான், பாஸ்போர்ட்டை வெச்சு இல்ல. மாறப் போறது டிஎன் வேலை விசா, கனடா, மெக்சிகோ சிட்டிசன்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், பிஆர் போதாது, இன்ஜினியர் அந்த லிஸ்ட்ல இருக்கு, லாட்டரி கிடையாது. ஆனா டிஎன்னுக்கு அமெரிக்காவுல நிரந்தரமாத் தங்கற எண்ணம் இருக்கக் கூடாது, உங்க ஐ-140 அங்க கேள்வியா வரலாம், அதனால எச்-1பிய விட்டுட்டு அவசரப்பட்டு மாறாதீங்க.

கடைசியா உங்க மனைவி. அவங்க பார்டர் தாண்டறதே இல்ல, அவங்க நாள் கணக்கு உங்களை விட சுத்தமா இருக்கும். குடும்பமா சேர்ந்துதான் அப்ளை பண்ணணும்னு சட்டம் இல்ல. அவங்களுக்கு 1,095 ஆன உடனே அவங்களைப் போடச் சொல்லுங்க, பையனையும் கூடவே சேர்த்துப் போடலாம், பெத்தவங்கள்ல ஒருத்தர் சிட்டிசன் ஆகறப்போ 18 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு அந்த 1,095 நாள் கணக்கே கிடையாது. உங்களுக்கு ஊர்ப் பயணத்துனால ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போனாலும் அவங்க ரெண்டு பேரும் காத்திருக்க வேண்டாம்.