திங்கட்கிழமை கையெழுத்து, ஒரு வாரமாகத் தூக்கமில்லை

கேள்வி: வெள்ளவத்தையில் பழைய தொடர்மாடி வீடொன்றை 2 கோடி 50 இலட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். வங்கி 1 கோடி 50 இலட்சம் கடன் தருகிறது. 20 வருடம், முதல் 3 வருடம் வட்டி 12 சதவீதம், அப்புறம் சந்தை நிலவரப்படி மாறும். இரண்டு சம்பளமும் சேர்த்து 350,000 ரூபாய். வாடகை தவிர்ந்த வீட்டுச் செலவு 150,000. வீட்டு விலைக்குக் கொடுத்தது போக 12 இலட்சம் மிஞ்சும். செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கையெழுத்து. ஆனால் எனக்குக் கை நடுங்குகிறது. "இப்ப போய்ப் பயப்படுறியா?" என்கிறார் கணவர். 1983இல் தமிழருக்கு எதிரான கலவரத்தைக் கண்ட அம்மாவோ, கொழும்பில் சொத்தே வேண்டாம் என்கிறார்.

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பட்டியலில் முத்திரைத் தீர்வையை, அதாவது வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும்போது கட்டும் வரியைக் காணவில்லை. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். உங்கள் வீட்டுக்குக் கிட்டத்தட்ட 10 இலட்சம் வரும். நொத்தாரிசின் கட்டணத்தையும் கொடுத்தால் அந்த 12 இலட்சத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஒருவருக்கு வேலை போனால் முதல் தவணைக்கே தடுமாறுவீர்கள்.

இப்போதைய தவணை சுமார் 165,000, அதைச் சமாளிப்பீர்கள். மூன்று வருடம் கழித்து வட்டி 18 ஆனால் அது 226,000 ஆகும். வீட்டுச் செலவோடு கூட்டிப் பாருங்கள், 26,000 துண்டு விழுகிறது. 18 நடக்காத எண் அல்ல. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியதே!

அதனால் திங்கட்கிழமையைத் தள்ளிப்போடப் பாருங்கள். முற்பணம் கொடுத்திருந்தால், தாமதத்துக்கு உடன்படிக்கை என்ன சொல்கிறது என்று நொத்தாரிசிடம் முதலில் கேளுங்கள். பத்து வருடம் வேலை செய்தவர் ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதம் வரை வீட்டுக்காக எடுக்கலாம். கணவருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அது கிடைத்தால் உங்கள் சேமிப்பில் ஆறு மாதத் தவணையையாவது தொடாமல் வையுங்கள். நிலையான வட்டியை ஐந்து வருடமாக்கவும் வங்கியிடம் கேளுங்கள். இரண்டும் சரிவராவிட்டால் இந்த வீட்டை விடுங்கள். விலை குறைந்த வீடு தெஹிவளைப் பக்கம் கிடைக்கலாம்.

அம்மாவின் பயம் வேறு. அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஒரு நாள் பின்னேரம் அவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டைக் காட்டுங்கள். அன்றைக்கு வங்கிக் கதை எதுவும் எடுக்காமல், அவர் சொல்வதைக் கேளுங்கள்.