வாசகர் கேள்வி பதில்: கேரவனை மாட்டியதும் டீசல் எங்கே போகிறது?

கேள்வி: எங்களுடையது டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 பிக்கப், ஆட்டோ கியர். தனியாக ஓடும்போது லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கும். பள்ளி விடுமுறையில் 1,400 கிலோ கேரவன் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு) ஒன்றை வாடகைக்கு எடுத்து, மாட்டிக்கொண்டு பினாங்கு போய் வந்தோம். 6.5-க்கு மேல் கிடைக்கவில்லை. டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?
*வாசகர், செந்தூல்*

பதில்: வேண்டாம். உங்கள் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்கை 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று மாற்றிக்கொண்டால் விளங்கும். தனியாக 9.1 லிட்டர், கேரவனோடு 15.4. கூடுதல் 6.3 லிட்டர். இதை எல்லாரும் கேரவனின் எடைமீது போடுகிறார்கள். ஆனால் சமதரையில் 1,400 கிலோவை உருட்ட ஏறக்குறைய 17 கிலோ எடையைத் தூக்கும் விசை போதும். டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு அவ்வளவுதான். அந்த 6.3 லிட்டரோ சுமார் 80 கிலோ விசைக்குச் சமம். மிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றது காற்று. ஹைலக்ஸின் உயரம் சுமார் 1.8 மீட்டர், கேரவன் 2.5 மீட்டருக்கு மேல். வண்டிக் கூரைக்கு மேலே நிற்கும் அந்தச் செங்குத்துச் சுவரை நெடுகத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறீர்கள்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 100-இல் ஓடியதை 80-க்குக் குறைத்தால் எதிர்ப்பு 36 விழுக்காடு இறங்கும், உங்கள் 15.4 லிட்டர் சுமார் 12.5 ஆகும். கோலாலம்பூர்–பட்டர்வொர்த் 350 கிலோமீட்டரில் 10 லிட்டர் மிச்சம், பயணம் 50 நிமிடம் நீளும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் 90-இல் நிறுத்திக்கொண்டால் பாதி லாபமாவது கிடைக்கும். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனபோது, உங்களுடையதைப் போன்ற ஒருவழிப் பயணத்தின் 54 லிட்டர் 116 ரிங்கிட்டிலிருந்து 181-க்குத் தாவியது. இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுதான்.

கியரையும் கவனியுங்கள். ஈப்போ தாண்டி ஜெலப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் வரையிலான ஏற்றத்தில் D-யிலேயே விட்டால், கியர்பெட்டி 6-க்கும் 5-க்கும் இடையே தவிக்கும். ஒவ்வொரு முறையும், எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு விடுபட்டு, விசை சக்கரத்துக்குப் போகாமல் கியர் எண்ணெயைச் சூடாக்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் S-க்குத் தள்ளி 4 அல்லது 5-இல் நிறுத்துங்கள். எஞ்சின் சற்று இரைந்தாலும் பரவாயில்லை. வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் குரூஸ் கண்ட்ரோலையும் அங்கே அணைத்துவிடுங்கள். வேகம் 2 கிலோமீட்டர் குறைந்தாலே அது டீசலைக் கொட்டும்.

கேள்வி: டேங்க் நிரப்பியதும் மீட்டரில் இன்னும் 780 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. கேரவனை மாட்டி 100 கிலோமீட்டர் போவதற்குள் 500-க்குக் கீழே வந்துவிட்டது. எதை நம்புவது? பெரிய டயரும் போட்டிருக்கிறேன்.
*வாசகர், பட்டர்வொர்த்*

பதில்: அந்த 780 போன வார ஓட்டத்தின் கணக்கு. பின்னால் கேரவன் நிற்பது அதற்குத் தெரியாது. அண்மையில் குடித்த எண்ணெயின் சராசரியை வைத்துப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மாட்டியவுடன் சராசரியை அழித்துவிட்டு 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு பாருங்கள். ஓரளவு உண்மை தெரியும்.

சரியாக அளக்க வேண்டுமானால் பம்பின் கைப்பிடி முதல் முறை 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 200 கிலோமீட்டராவது ஓடி, சமதரையில் நிறுத்தி, மறுபடியும் முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை 100-ஆல் பெருக்கி ஓடிய தூரத்தால் வகுத்தால் விடை. 'டக்' கேட்ட பிறகும் விளிம்புவரை ஊற்றுகிறவர்கள் கணக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

இனி டயர். 265/65 R17-ஐக் கழற்றி 285/70 R17 போட்டிருந்தால் சுற்றளவு 7 விழுக்காடு கூடியிருக்கும். மீட்டர் 100 என்று காட்டும்போது நீங்கள் 107 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள். அதாவது வண்டி குடிப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. போகும் வேகமோ நினைப்பதைவிட அதிகம். அந்த வேகம்தான் எண்ணெயைத் தின்கிறது. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

80 லிட்டர் டேங்கில் 10 லிட்டரைத் தொடாதீர்கள். மீதி 70 லிட்டர், 100-க்கு 16 வீதம் 437 கிலோமீட்டர். திட்டம் போட இந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலிக்குப் போகிறவர்கள் டேங்கில் பாதி இருந்தாலும் கிரிக்கில் நிரப்பிவிடுவது நல்லது.

கேள்வி: கேமரன்மலைக்குக் கேரவனோடு ஏற எவ்வளவு கூடுதலாக ஆகும்? 4H (நான்கு சக்கர ஓட்டம்) போட்டால் ஏற்றம் இலேசாகுமா?
*வாசகி, பிரிக்பீல்ட்ஸ்*

பதில்: எடை விலை கேட்கும் இடம் மலைதான். ஆட்களோடு வண்டி 2.5 டன், கேரவன் 1.4 டன் என்று வைப்போம். 3.9 டன்னை 1,400 மீட்டர் உயர்த்த, எஞ்சினில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, சுமார் 4.5 லிட்டர் டீசல் தேவை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். வளைவுகளில் மெதுவாகப் போவதால் காற்றின் தொல்லை குறைவு, ஓட்டத்துக்கு 6.5 லிட்டர் ஆகும். மொத்தம் 11 லிட்டர். தண்ணீர்த் தொட்டியைக் கீழே நிரப்பாமல் மேலே போய் நிரப்புங்கள். 160 லிட்டர் என்றால் 160 கிலோ. நெடுஞ்சாலையில் அது பெரிதாகத் தெரியாது, மலையில் தெரியும். சாலை என்று பார்த்தால், தாப்பா வழியைவிட சிம்பாங் பூலாய் வழி அகலம், வளைவும் குறைவு. கேரவனுக்கு அதுவே மேல்.

4H வேண்டாம். ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் நடு டிஃபரென்ஷியல் இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் வளையும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். 4H அதை விடாது. முறுக்கம், விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் ஏறும். எண்ணெயும் வீண், டயரும் தேயும், ஒருநாள் கியரும் உடையும். ஏற்றத்துக்கு வேண்டியது தாழ்ந்த கியர்.

இறங்கும்போதும் அதே கியர். காலை எடுத்துவிட்டு எஞ்சினே பிடித்து நிறுத்தும்போது இஞ்செக்டர் டீசலைத் தெளிப்பதே இல்லை. நியூட்ரலில் உருட்டினால்தான் சிக்கனம் என்பது தவறு, ஆபத்தும்கூட. 3.9 டன்னையும் பிரேக்கே தாங்கினால் பாதி வழியில் கருகல் வாடை வரும், பிறகு பெடல் அமுங்கும், வண்டி நிற்காது.

கேள்வி: மகள் பெர்த்தில் இருக்கிறாள். குடும்பமாக அங்கிருந்து நல்லார்போர் சமவெளி வழியாக அடிலெய்டுக்குக் கேரவன் இழுத்துப் போகத் திட்டம். வண்டியில் 80 லிட்டர் டேங்க். நான்கு ஜெர்ரி கேன் வாங்கச் சொல்கிறார் மருமகன்.
*வாசகர், பாயான் லெப்பாஸ்*

பதில்: மருமகன் சற்று அதிகமாகவே பயப்படுகிறார். மொத்தப் பயணம் சுமார் 2,700 கிலோமீட்டர். நோர்ஸ்மனிலிருந்து செடூனா வரையிலான ஏர் நெடுஞ்சாலை 1,200 கிலோமீட்டர். வழியில் பாலடோனியா, காயிகுனா, கோக்கிள்பிடி, மதுரா, முண்ட்ரபில்லா, யூக்லா, பார்டர் வில்லேஜ், நல்லார்போர் என்று எண்ணெய் கிடைக்கும் ரோட்ஹவுஸ்கள் உண்டு. நீண்ட இடைவெளிகள் மூன்று: நோர்ஸ்மன்–பாலடோனியா, பாலடோனியா–காயிகுனா, பார்டர் வில்லேஜ்–நல்லார்போர். மூன்றுமே 180-க்கு மேல், 200 கிலோமீட்டருக்குள். இரண்டாவதில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது.

அங்கே பகை எதிர்க்காற்று. 90-இல் போகும்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசினால், கேரவனுக்கு அது 120-இல் போவதற்குச் சமம், எதிர்ப்பு 1.8 மடங்கு. 16 லிட்டர் குடித்த வண்டி 22 லிட்டர் குடிக்கலாம். அப்போதும் 70 லிட்டரில் 318 கிலோமீட்டர் வரும். ஆகவே பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே போனால் போதும். ஒரு ரோட்ஹவுஸில் பம்பு கெட்டிருந்தால் கைகொடுக்க ஒரே ஒரு 20 லிட்டர் கேன், சுமார் 17 கிலோ டீசல், எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேரவனின் பின்முனையில் கட்டாதீர்கள். பின்முனை கனத்தால் இணைப்பு உருண்டைமேல் அழுத்தம் குறைந்து கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். அங்கே கேரவன் எடையில் 10 விழுக்காடு அந்த உருண்டையில் இறங்க வேண்டும் என்பது வழக்கம்.

சில ரோட்ஹவுஸ்கள் இரவில் மூடிவிடும். காயிகுனாவுக்குக் கிழக்கே பார்டர் வில்லேஜ்வரை பெர்த்தைவிட 45 நிமிடம் முந்திய உள்ளூர் நேரம் ஓடுகிறது. உங்கள் கடிகாரத்தில் ஏழேகால் என்றால் அங்கே எட்டு. கிழக்கே போகும்போது செடூனாவில் பழம், காய்கறிச் சோதனை இருக்கிறது. அதற்கு முன்பே சமைத்து முடித்துவிடுங்கள். டீசலுக்கு 100-க்கு 17 வீதம் 460 லிட்டர் என்று பணம் ஒதுக்குங்கள். நடுவழியில் விலை நகரத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

கேள்வி: ஓடும்போது கேரவன் குளிர்பெட்டி வண்டியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. அதை அணைத்தால் மிச்சமாகுமா?
*வாசகி, பத்து கேவ்ஸ்*

பதில்: 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுத்தாலும் மணிக்கு 0.1 லிட்டர்தான். மீன் கெட்டுப்போனால் நட்டம் அதைவிட அதிகம்.

கேள்வி: அதே கேரவன், அதே சாலை, அதே வேகம். லிட்டருக்கு 6.5 கொடுத்தது இந்த முறை 5 ஆகிவிட்டது. எங்கே பார்ப்பது?
*வாசகர், ஜெலுத்தோங்*

பதில்: இதுதான் பழுது. முதலில் கேரவனைப் பாருங்கள். 20 கிலோமீட்டர் ஓடி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓரம் நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் நடுமூடிக்கு அருகே கையை வையுங்கள், தொட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் போகிறது. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் தெரியும்: உரசி நின்றால் பிரேக், கரகரத்தால் பேரிங். வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நின்ற கேரவனில் கைபிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகுவது சாதாரணம். டயர்க் காற்றையும் காலையில் குளிர்ந்திருக்கும்போது அளந்து, கேரவன் தகட்டில் உள்ள அளவுக்கு ஏற்றுங்கள்.

அங்கே குறையில்லை என்றால் வண்டிக்கு வாருங்கள். ஏற்றத்தில் கறும்புகையோடு இழுவையும் குறைந்திருந்தால், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரின் குழாயில் கீறல் இருக்கும். கிளிப் அருகே எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும் இடம்தான் அது. புகை இல்லாமல் ஒரு பயணத்தில் மட்டும் கூடியிருந்தால், புகைவடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்த நேரமாக இருக்கலாம்; இன்னும் இரண்டு டேங்க் ஓடிப் பாருங்கள். காற்று ஃபில்டரை மாற்ற அதுவரை காத்திருக்க வேண்டாம். இஞ்செக்டர் பட்டியலின் கடைசியில்.