2050: புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு கேள்வி

வணக்கம் அக்கா,

என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒருவர், 2050க்குள் மலேசியா தன் கார்பன் வெளியேற்றத்தை நிகர அளவில் சுழியத்துக்குக் கொண்டுவரப் போகிறது, அதாவது வெளியிடுவதும் காடு போன்றவை உறிஞ்சுவதும் சமமாகிவிடும் என்று நீண்ட நேரம் பேசினார். மின்சாரக் கார், வீட்டுக் கூரையில் சோலார் என்று படங்களும் காட்டினார். எனக்கு வயது 45. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு ஃபிளாட்டில் நாலாவது மாடியில் இருக்கிறேன். எதிரே பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. தினமும் மோட்டாரில் பாலம் ஏறித்தான் போய் வருகிறேன். எனக்குச் சொந்தக் கூரையும் இல்லை, மின்சாரக் கார் வாங்க வசதியும் இல்லை. இந்தத் திட்டத்தில் நான் கண்ணால் கண்டது டீசல் விலை ஏறியது மட்டும்தான். என் அண்ணன் பிக்கப்பில் காய்கறி வியாபாரம் செய்கிறார், 2024இல் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். உலகக் கார்பனில் நம் நாட்டின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை என்கிறார்கள். அப்புறம் இந்தச் சுமையை நாம் ஏன் தூக்க வேண்டும்? கோபத்தில் எழுதவில்லை அக்கா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்விதான் இருக்கிறது.

ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பது உண்மை. ஆனால் உலக மக்கள்தொகையில் நம் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் நாம் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறோம். இந்தியாவில் அது 2 டன்னை ஒட்டியே நிற்கிறது. பிரிட்டனில் இன்று ஒருவர் வெளியிடுவதைவிட மலேசியாவில் ஒருவர் வெளியிடுவது அதிகம். ஆகவே, நாம் சின்ன நாடு, நம்மால் என்ன கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

அதே சமயம், இருநூறு ஆண்டு நிலக்கரி எரித்து வளர்ந்த நாடுகளும் நாமும் ஒரே தட்டில் நிற்கவில்லை என்பதும் நியாயமான வாதம். அந்த வாதத்தை ஐ.நா. பருவநிலை மாநாடுகளில் ஓயாமல் எடுத்து வைப்பவர்களில் பினாங்குக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். வளரும் நாடுகளுக்காகக் குரல் கொடுக்கும் மூன்றாம் உலக வலையமைப்பின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. அதன் சார்பில் பேசும் மீனா ராமன், சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவரும்கூட. அந்த மரபுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ். பணக்கார நாடுகள் முதலில் குறைக்கட்டும், ஏழை நாடுகளுக்குப் பணமும் தொழில்நுட்பமும் தரட்டும் என்று வெளியே கேட்கும் இதே அமைப்புகள்தான், உள்ளூரில் காட்டை வெட்டுவதையும் கடலை மண் போட்டு நிரப்புவதையும் எதிர்த்து நிற்கின்றன. இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவும் இக்கரையில் செபராங் பிறையும் முழங்கால், இடுப்பு என்று தண்ணீரில் நின்றதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு மழையைக் காட்டி எல்லாம் கார்பனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடலும் காற்றும் சூடாகச் சூடாக அந்த மாதிரி மழை கூடும் என்பது அறிவியல். தண்ணீர் வரும்போது முதலில் மூழ்குவது யார் வீடு என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

இப்போது திட்டத்துக்கு வருவோம். கூட்டத்தில் பேசியவர் 2050 என்ற ஆண்டை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 2021இல் 12ஆவது மலேசியத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்தபோது சொன்ன இலக்கு அது. என்னைக் கேட்டால், ஆண்டைவிட எதைக் கணக்கிடுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே 2021இல் ஐ.நா.வுக்குக் கொடுத்த வாக்குறுதி, 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு 2030க்குள் கார்பன் அடர்த்தியை 45 சதவீதம் குறைப்பது. அடர்த்தி என்றால், நாடு ஈட்டும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எவ்வளவு கார்பன் என்பது. பொருளாதாரம் இரண்டு மடங்காகி, ரிங்கிட்டுக்கான கார்பன் 45 சதவீதம் குறைந்தால், மொத்தக் கார்பன் பழையதைவிட 10 சதவீதம் கூடியிருக்கும். இலக்கை எட்டிவிட்டோம் என்று அறிக்கையும் விடலாம், புகையும் கூடியிருக்கலாம். அதனால்தான் 2025 அக்டோபரில் அரசு கொடுத்த புதிய வாக்குறுதி முக்கியமானது. வெளியேற்றம் தொடும் உச்ச அளவிலிருந்து 2035க்குள் 1.5 கோடி முதல் 3 கோடி டன் வரை குறைப்போம் என்று முதல் தடவையாக டன் கணக்கில் சொல்லியிருக்கிறார்கள். அளவு போதாது என்பது என் கருத்து. ஆனால் டன்னில் சொன்னதை டன்னில் சரிபார்க்கலாம். அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

காடு விஷயமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக்கு அரசு ஐ.நா.வில் கொடுத்த கணக்குப்படி நாடு வெளியிட்டது சுமார் 330 மில்லியன் டன். நம் காடுகளும் நிலமும் உறிஞ்சியது சுமார் 215 மில்லியன் டன். அதாவது மூன்றில் இரண்டு பங்கைக் காடு சுமக்கிறது. நிலப்பரப்பில் பாதியைக் காடாகவே வைத்திருப்போம் என்று 1992இல் ரியோ மாநாட்டில் மலேசியா சொன்னது, இன்றுவரை அந்தச் சொல் நிற்கிறது. நல்லதுதான். ஆனால் காட்டைக் காட்டி மின் நிலையங்களுக்கும் கார்களுக்கும் அவகாசம் வாங்குவது, தம்பி சம்பளத்தைக் காட்டி அண்ணன் கடன் வாங்குவது போன்றது. தம்பிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கடன் அப்படியே நிற்கும். காடு எரியும், வறளும், சில மாநிலங்களில் குத்தகைக்கும் போகும். வெளியேற்றத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எரிசக்தியிலிருந்து வருகிறது. உண்மையான வேலை அங்கேதான் நடக்க வேண்டும்.

நம் மின்சாரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது நிலக்கரியில் உருவாகிறது. அந்த நிலக்கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. காப்பார், மஞ்சோங், போர்ட்டிக்சனை ஒட்டிய ஜிமா, ஜொகூரின் தஞ்சோங் பின் ஆகிய இடங்களில் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை, 2040களின் நடுவில் கடைசி நிலையத்தையும் மூடுவது, 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியாக இருப்பது ஆகியவை அரசின் திட்டம். 2023 ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டு பகுதிகளாக வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தில் இவை இருக்கின்றன. காப்பாரைச் சுற்றியும் சித்தியவான், லுமுட் பக்கமும் நம் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நிலையத்தில் நேரடி வேலை, ஒப்பந்த வேலை, துப்புரவு, லோரி, சாப்பாட்டுக் கடை. அவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் இழந்து நாம் பட்டதை இன்னொரு தலைமுறை பார்க்கக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழர்கள் இந்தத் திட்டத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, டீசல். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது. அரசு அன்று முதன்மையாகச் சொன்ன காரணங்கள், கடத்தலைத் தடுப்பதும் ஆண்டுக்குச் சுமார் 4 பில்லியன் ரிங்கிட் மிச்சம் பிடிப்பதும். கார்பன் திட்டம் அதற்கு மூல காரணம் இல்லை. தகுதியானவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகையும் கொடுத்தார்கள். உங்கள் அண்ணனைப் போல தினமும் சந்தைக்கு ஓடும் பிக்கப்புக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம். எரிபொருளை மலிவாக வைத்திருந்தால் யாரும் குறைத்து எரிக்க மாட்டார்கள், பெரிய கார் வைத்திருப்பவனுக்கே அதிக மானியம் போகும். அதனால் மானியத்தைச் சீர்திருத்துவதை நான் ஆதரிக்கிறேன். எனக்கு உள்ள சண்டை வரிசையைப் பற்றியது. முதலில் வேறு வழியைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், பிறகு விலையில் கை வைக்க வேண்டும். இங்கே விலை முதலில் வந்துவிட்டது.

உங்கள் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் வெளியான தேசிய எரிசக்திக் கொள்கை, நகரங்களில் பொதுப் போக்குவரத்தின் பங்கை 20 சதவீதத்திலிருந்து 2040க்குள் 50 சதவீதத்துக்கு உயர்த்துவதாகச் சொல்கிறது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நீங்கள் மோட்டாரை விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால், கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, தீவில் இறங்கிப் பேருந்து. காலை ஷிப்டுக்குப் போகிறவர் இதை எப்படிச் செய்வார்? 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய முத்தியாரா எல்.ஆர்.டி. இலகு ரயில், தீவில் உள்ள கொம்தாரிலிருந்து கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரல் வரை வரும் என்கிறார்கள், 2031ஐ இலக்காக வைத்திருக்கிறார்கள். அதற்குள் செய்யக்கூடியது ஒன்று நம் கையிலேயே இருக்கிறது: தொழிற்சாலைப் பேருந்துகள். கூலிமிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் பாயான் லெப்பாஸுக்குப் பல ஆண்டுகளாக ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்துகள் அவை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓட்டுவதை ஒன்றாக இணைத்து, ஷிப்ட் நேரத்துக்கு எல்லோரும் ஏறும்படி செய்து, டீசலில் மிச்சமான பணத்தில் கொஞ்சத்தை அதில் போட்டால், மின்சாரக் கார் வாங்க முடியாதவரும் கார்பனைக் குறைப்பார். அவருடைய உயிருக்கும் அது நல்லது. மழையில் பாலத்தில் மோட்டார் ஓட்டுகிறவரின் மனைவிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் தொழிற்சாலைக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. வெளிநாட்டில் பொருள் வாங்கும் பெரிய நிறுவனங்கள், எந்த மின்சாரத்தில் செய்தீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2026 தொடக்கத்திலிருந்து இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்ற இறக்குமதிகளுக்குக் கார்பன் கட்டணம் கணக்கிடுகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் நம் அரசு இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கார்பன் வரி கொண்டுவருவதாக அறிவித்ததன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. அந்தக் கட்டணத்தை ஐரோப்பாவுக்குக் கட்டுவதற்குப் பதிலாக இங்கேயே வசூலித்தால், இங்கேயே செலவு செய்யலாம். அந்தப் பணம் பேருந்துக்கும் வேலைப் பயிற்சிக்கும் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரம் இது.

செம்பனை ஆலைகளின் கழிவுக் குளங்களிலிருந்து கிளம்பும் மீத்தேனைப் பற்றியும் ஜொகூரில் முளைக்கும் தரவு மையங்கள் குடிக்கும் மின்சாரத்தைப் பற்றியும் தனியாக எழுத ஆசை. இங்கே எடுத்தால் பதில் நீண்டுவிடும்.

கூரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். வீட்டு சோலாருக்கு அரசு கொடுத்த சலுகைகள், 2024இல் அறிவித்த 4,000 ரிங்கிட் வரையிலான ஊக்கத்தொகை உட்பட, பெரும்பாலும் சொந்தக் கூரை உள்ளவர்களுக்கே போய்ச் சேர்ந்தன. தரை வீடு உள்ளவரின் மின்கட்டணம் குறைகிறது. ஃபிளாட்டில் இருப்பவர் முழுக் கட்டணம் கட்டுகிறார். ஆனால் நாலாவது மாடிக்கு மேலேயும் ஒரு கூரை இருக்கிறது தம்பி, அது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவானது. சிங்கப்பூர் 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீடமைப்பு வாரிய அடுக்குமாடிகளின் கூரைகளில் தகடுகள் வைத்தார்கள். பகலில் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றுக்கு அந்த மின்சாரம் போகிறது, மீதி பொது மின்கட்டமைப்புக்குப் போகிறது. நம் மலிவு விலை அடுக்குமாடிகளில் மின்தூக்கி நின்று போவதற்கும் பராமரிப்புக் கட்டணம் வசூலாகாததற்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். பொது மின்கட்டணம் குறைந்தால் அந்தப் பணம் மின்தூக்கிப் பழுதுக்கு மிஞ்சும். மாநில அரசின் வீடமைப்புத் துறை இதைப் பத்து அடுக்குமாடிகளில் செய்து காட்டினாலே போதும், 2050 என்பது என்னவென்று உங்கள் மகளுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியிருக்காது.

உங்களால் முடிந்தால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அடுக்குமாடியின் கூட்டு நிர்வாகக் குழுவிடம், பொதுப்பகுதிக்கு மாதம் எவ்வளவு மின்கட்டணம் வருகிறது, கூரையின் பரப்பளவு எவ்வளவு என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். சோலார் வேலை தெரிந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டு, இடத்தின் பெயரைப் போடாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். அதை எடுத்துக்கொண்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கலாம். பேருந்து விஷயத்தையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா