ஒருக்களித்துப் படுப்பவருக்கு எந்த மெத்தை?

கேள்வி: என் உயரம் 188 செ.மீ. ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். மலையேற்றத்துக்குக் கொண்டுபோகும் ஃபோம் மெத்தையில் இடுப்பு வலி உயிர் போகிறது, பாதமும் தரையில் கிடக்கிறது. எடை அதிகம் கூடாமல் என்ன வாங்கலாம்?

பதில்: நானும் உங்கள் உயரம்தான், படுப்பதும் அப்படித்தான். 2 செ.மீ. ஃபோம் மல்லாந்து படுப்பவருக்குப் போதும், நமக்குப் போதாது. ஒருக்களிக்கும்போது உடல் பாரமெல்லாம் தோளிலும் இடுப்பிலும் இறங்கிவிடுகிறது. காற்றடைக்கும் மெத்தையாக, 8 முதல் 10 செ.மீ. கனத்தில் பாருங்கள்.

நீளம் 196 செ.மீ. இருக்கட்டும். வழக்கமான 183-இல் தலையணையையும் வைத்தால் கால் வெளியே போய்விடும். அகலம் அதைவிட முக்கியம் என்பேன். முழங்காலை மடக்கிப் படுக்க 51 செ.மீ. பத்தாது, 64 வேண்டும். எடை கொஞ்சம் கூடும்தான். நான் அதைச் சந்தோஷமாகச் சுமக்கிறேன். குளிர்ந்த தரை என்றால் ஆர் மதிப்பு (R-value, தரைக் குளிரை மெத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 4-க்கு மேல் பாருங்கள்.

அப்புறம், மெத்தையைக் கல் மாதிரி ஊதிவிட்டு அதைக் குறை சொல்பவர்கள் நிறைய. முழுக்க ஊதி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே வால்வைத் திறந்து சிறுகச் சிறுகக் காற்றை விடுங்கள். இடுப்பு தரையைத் தொட இரண்டு விரற்கடை இருக்கும்போது மூடிவிடுங்கள். தோள் அமுங்கி, கழுத்து நேராகும். நடுராத்திரியில் மெத்தை தளர்ந்தால் உடனே ஓட்டை என்று பயப்படாதீர்கள், குளிரில் காற்று சுருங்கியிருக்கும். இரண்டு ஊது ஊதினால் சரியாகிவிடும்.